மதுரையில் ஒரு 3 டெஸ்லா ஸ்கேன் மையம்: மூளை ரத்தக்குழாய் எம்.ஆர்.ஐ. சேவை பற்றிய மதிப்பீடு

பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கி, உசிலம்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை வலது கை திடீரெனத் துவண்டு, பேச்சுக் குழறி, இருபது நிமிடத்துக்குள் தானாகவே சரியாகிவிட்டது. முதல் முறை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்வுப் பிடிப்பு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோதுதான், மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு மீண்டிருக்கிறது என்பதும், பெரிய பக்கவாதத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதும் தெரிந்தன. அம்மாவுக்கு வயது 63. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டு. அன்றே மாத்திரைகள் தொடங்கப்பட்டன. அடுத்த ஒரு வாரத்துக்குள் இரண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் எடுக்க நேர்ந்தது. இரண்டாவதை எடுத்த மதுரை மையத்தின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை.

இரண்டாவது ஸ்கேன் எதற்கு என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது. முதல் ஸ்கேன் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலுவின் அளவு) இயந்திரத்தில் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஏழாயிரம் ரூபாய் ஆனது. இடது மூளையின் நடுத்தமனியில், அதன் தொடக்கப் பகுதியிலேயே, கடுமையான அடைப்பு இருப்பதாக அதன் ரிப்போர்ட் சொன்னது. படத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது: வலப்புறத்தில் தெளிவாக ஓடும் வெள்ளைக் கோடு, இடப்புறத்தில் ஓரிடத்தில் அறுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்கியது. ஆனால் நரம்பியல் மருத்துவர் அந்த அறுந்த கோட்டை அப்படியே நம்பவில்லை. ஊசி போடாமல் எடுக்கும் அந்த ரத்தக்குழாய்ப் படத்துக்கு 'டைம் ஆஃப் ஃப்ளைட்' என்று பெயர். படம் எடுக்கும் பகுதிக்குள் புதிதாகப் பாய்ந்து வரும் ரத்தம் மட்டும் அதில் வெண்மையாகத் தெரியும். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் சுழித்து ஓடினாலோ, தயங்கி ஓடினாலோ வெண்மை மங்கிவிடும். பாதி அடைப்பும் முக்கால் அடைப்பாகத் தோன்றும். வாய்க்காலில் ஓடும் நீரை மட்டும் பார்த்துவிட்டு அதன் கரை எந்த நிலையில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது அது. எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ கரையைப் பற்றி.

கரையைப் பார்ப்பதற்கென்றே உள்ள முறைதான் ரத்தக்குழாய்ச் சுவர் எம்.ஆர்.ஐ. 'வெசல் வால்' என்றுதான் ஸ்கேன் மையங்களில் சொல்கிறார்கள். இதில் ஓடும் ரத்தத்தின் ஒளியை வேண்டுமென்றே அணைத்துக் கருப்பாக்கிவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் சுவரை மட்டும் படமாக்குகிறார்கள். மூளையின் நடுத்தமனிக்குள் ரத்தம் ஓடும் வழி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமே. நோயற்ற நிலையில் அதன் சுவர் அதைவிடப் பலமடங்கு மெல்லியது. அவ்வளவு நுண்ணியதைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமான படம் தேவை. அதற்கு வேண்டிய சமிக்ஞை வலு 3 டெஸ்லா இயந்திரத்தில்தான் போதுமான அளவில் கிடைக்கிறது. சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து, படத்தில் தெளிவு கூட்ட ஊசியில் ஏற்றும் 'கான்ட்ராஸ்ட்' மருந்தை ஈர்த்து ஒளிர்ந்தால் ரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். குழாய் சுருங்கியிருந்தும் சுவர் அதிகம் ஒளிராவிட்டால், தானே விலகக்கூடிய தசை இறுக்கமாக இருக்கலாம். மூன்றும் டைம் ஆஃப் ஃப்ளைட் படத்தில் ஒரே மாதிரி 'அடைப்பு' என்று தெரியக்கூடியவை. சிகிச்சையோ வெவ்வேறு. அமெரிக்க நரம்புக் கதிரியக்கவியல் சங்கத்தின் வல்லுநர் குழு 2017இல் இம்முறைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதனால் இதை ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிட்ட வித்தை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆசியர்களிடம், மூளைக்குள்ளேயே இருக்கும் தமனிகளில் ஏற்படும் அடைப்பு மேற்கத்தியரைவிட அதிகம் என்பதால், நம் ஊரில் இதற்கான தேவை குறைவென்றும் சொல்ல முடியாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் சுவர்ப் படம், ஊசி இல்லாத ரத்தவோட்டப் படம், மூளையில் ரத்தத்தின் நுண்கசிவுகளைக் காட்டும் படம், கான்ட்ராஸ்டோடு ரத்தக்குழாய்ப் படம் என நான்கும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருந்தன. சேவையின் முதல் கோளாறு இங்கேதான் தொடங்கியது. பதிவு மேசையில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பிரெய்ன் கான்ட்ராஸ்ட்தானே சார்?" என்று கேட்டு, அந்தப் பெயரிலேயே பில் போட்டார். அவர் முன்னால் இருந்த விலைப்பட்டியலில் வெசல் வால் என்ற ஒன்றே இல்லை. இல்லாததை அவர் எப்படிப் பதிவு செய்வார் என்பது நியாயமான கேள்விதான்; ஆனால் நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால், இரண்டு மடங்குக்கும் மேல் பணம் கட்டி, முதல் ஸ்கேனையே சற்றுப் பெரிய இயந்திரத்தில் மறுபடி எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்போம். உள்ளே இருந்த கதிரியக்கவியல் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று வற்புறுத்தினோம். அவர் வெளியே வந்து, சீட்டைப் படித்து, எங்கள் மருத்துவருடன் தொலைபேசியில் பேசி, எந்தெந்தப் படங்கள் எந்த வரிசையில் வேண்டும் என்பதைத் தன் கையால் எழுதி டெக்னீஷியனிடம் கொடுத்தார். இதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. இறுதிப் பில் 16,500 ரூபாய். தொகை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டது. பிறகு எதுவும் கூடுதலாகக் கேட்கவில்லை.

இன்னொரு தாமதமும் தவிர்த்திருக்கக் கூடியதே. கான்ட்ராஸ்ட் ஊசியில் இருக்கும் காடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது என்பதால், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை முன்பதிவின்போதே சொல்லியிருந்தும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தொலைபேசியில் ஒரு வரி சொல்லியிருந்தால் உசிலம்பட்டியிலேயே முந்தின நாள் எடுத்து வந்திருக்கலாம். எந்த வகைக் காடோலினியம் என்று கேட்டதற்கு மேசையில் பதில் இல்லை. உள்ளே மருத்துவர் குப்பியையே எடுத்துக் காட்டினார். காடோலினிய அணுவை வளையத்துக்குள் இறுக்கிப் பிடித்து வைக்கும் வகை அது. அப்படி இறுக்கிப் பிடிக்காத நீள்சங்கிலி வகைகளில் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்தி வைத்ததற்குக் காரணம், அவற்றிலிருந்து சிறிதளவு காடோலினியம் பிரிந்து மூளைத் திசுவில் தங்குவது தெரிய வந்ததுதான். இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் தயங்காமல் கேட்கலாம். குப்பியைக் காட்டுவதற்கு அரை நிமிடம் போதும்.

இயந்திர அறைக்குள் நடந்தவற்றில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு வலுவானது. அதனால் உள்ளே போகுமுன் நடக்கும் சோதனையைச் சடங்காக நினைத்துவிடக் கூடாது. பெண் டெக்னீஷியன் ஒருவர் அம்மாவைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, சரிகைச் சேலையை மாற்றச் செய்து, ஜாக்கெட் ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். தாலிக்கொடியைக் கழற்ற அம்மா தயங்கியபோது, அலமாரியிலிருந்து மஞ்சள் துண்டு கோத்த புதுக் கயிறு ஒன்றை எடுத்து, "இதப் போட்டுக்கங்கம்மா, முடிஞ்சதும் உங்களோடத மாட்டிக்கலாம்" என்றார். இதற்கென்றே ஒரு கட்டு மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கும் அறிவை நான் எந்த விளம்பரப் பலகையிலும் கண்டதில்லை. முப்பது ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்திதான் வம்பு செய்தது, திருகாணி இறுகிப்போயிருந்தது. தங்கம் காந்தத்தால் இழுபடாது. ஆனால் திருகாணியில் வேறு உலோகம் கலந்திருக்கலாம், சூடாகலாம், அருகிலுள்ள படத்தையும் கெடுக்கலாம். எண்ணெய் தடவிப் பொறுமையாகக் கழற்றினார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளை அறுவைச் சிகிச்சையில் கிளிப் வைத்திருக்கிறார்களா, கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்ற கேள்விகளைத் தமிழிலேயே, ஒவ்வொன்றாக, இரண்டு வேறு ஆட்கள் இரண்டு முறை கேட்டார்கள்.

படுக்கையில் இருந்த நேரம் ஐம்பது நிமிடம். காதில் அடைப்பான், அதன்மேல் காதுக்கவசம், கையில் அழுத்திக் கூப்பிட ஒரு ரப்பர்ப் பந்து, தலைக்கூட்டில் வெளியே இருப்பவர்களைப் பார்க்க ஒரு கண்ணாடி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எத்தனை நிமிடம் என்று சொல்லி, "விழுங்குறதா இருந்தா இப்பவே விழுங்கிக்கங்கம்மா" என்று நினைவூட்டினார்கள். சுவர்ப் படம் ஒன்றுக்கே ஆறேழு நிமிடம் ஆகும். ஊசிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கும் படத்தில் ஒரு இருமல்கூடச் சுவரை இரட்டைக் கோடாக்கிவிடும். முதல் முறை அம்மா இருமிவிட்டார். படம் குலைந்திருப்பதைக் கவனித்து, யாரும் சொல்லாமலேயே மறுபடி எடுத்தார்கள். வெளியே ஆறு பேர் காத்திருந்த நேரத்தில் ஏழு நிமிடம் கூடுதலாகச் செலவிட்ட அந்த முடிவுக்காகவே இந்த மையத்துக்கு மீண்டும் போவேன்.

ரிப்போர்ட் மறுநாள் மாலை கிடைத்தது. பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை இதைக் கொண்டுதான் எடைபோட வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை அளக்கும் 'டிஃப்யூஷன்' படத்தில், இடது மூளையின் உள்பக்கத்தில், இரண்டு தமனிகளின் பாசன எல்லை சந்திக்கும் பகுதியில், மணி கோத்தாற்போல நான்கைந்து சிறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. கை இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் மூளை முழுவதும் தப்பிவிடவில்லை என்று அதற்குப் பொருள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாதபோது பயிர் முதலில் காய்வது அங்கேதான். எல்லைப் பகுதியில் புள்ளிகள் வந்திருப்பது, மேலே வாய்க்கால் குறுகியிருப்பதற்கான தடயம். சுவர்ப் படத்தில் இடது நடுத்தமனியின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருந்தது. ஊசிக்குப் பின் அந்தத் தடிப்பு பளிச்சென ஒளிர்ந்தது. கொழுப்புப் படிவு, அதுவும் இன்னும் அடங்காத படிவு. குறுகலின் அளவோ, முதல் ரிப்போர்ட் அஞ்ச வைத்த அளவுக்கு இல்லை. கான்ட்ராஸ்ட் படத்திலும் சுவர்ப் படத்திலும் அளந்தபோது அது 65 விழுக்காடு.

ரத்தவோட்டப் படத்தைப் படித்த விதத்தில்தான் அந்தக் கதிரியக்கவியல் மருத்துவரின் தேர்ச்சி எனக்குப் புரிந்தது. ஊசி இல்லாத இம்முறையில், கழுத்தில் ஓடும் ரத்தத்தின் நீருக்கே ரேடியோ அலையால் ஓர் அடையாளம் இட்டு, ஓரிரு நொடி கழித்து அது மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அம்மாவின் படத்தில் இடப்பக்கம் மங்கலாகவும், அதனுள் சில இடங்கள் மட்டும் கீற்றுக் கீற்றாகப் பளிச்சென்றும் இருந்தன. அவசரமாகப் பார்ப்பவர் அங்கே ரத்தமே போகவில்லை என்று எழுதியிருப்பார். ரத்தம் வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது, படமெடுத்த கணத்தில் அது இன்னும் குழாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது என்று இவர் எழுதியிருந்தார். நுண்கசிவுப் படத்தையும் விட்டுவிடவில்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் வலது தாலமஸ் பகுதியில் இரண்டு கருப்புப் புள்ளிகள், அதாவது பழைய ரத்த அழுத்தத்தின் தழும்புகள். மூளையின் மேற்புறணியில் ஒன்றும் இல்லை. புறணியில் பல புள்ளிகள் இருந்திருந்தால், முதுமையில் குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படியும் நோயை எண்ணி, ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருந்திருக்கும் என்று எங்கள் மருத்துவர் பின்னர் விளக்கினார்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அவர் எடுத்த முடிவு எளிமையானது. குழாயை விரித்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வேண்டாம், ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 90 நாள், பிறகு ஆஸ்பிரின் மட்டும், கொழுப்பு மாத்திரை முழு அளவில், ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கண்டிப்பு. அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான 'சாம்ப்ரிஸ்' ஆய்வில், 70 முதல் 99 விழுக்காடு வரை குறுகிய மூளைத் தமனி உடையவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தபோது, 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது 14.7 விழுக்காட்டினருக்கு, தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 5.8 விழுக்காடு. அம்மாவின் குறுகல் அந்த ஆய்வின் எல்லையைக்கூடத் தொடவில்லை. முதல் ஸ்கேனின் அறுந்த கோட்டை மட்டும் நம்பியிருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராமுக்காவது அவரைக் கொண்டுபோயிருப்போம். துல்லியத்தில் அதுவே இன்றும் முதலிடத்தில் இருக்கும் பரிசோதனை. ஆனால் அதற்கென்று சிறிய ஆபத்து உண்டு, அதை இப்போதைக்குத் தவிர்க்க முடிந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு குறைகள். குறுகலின் விழுக்காடு முதல் பிரதியில் இல்லை. 'ஒளிரும் படிவு, கணிசமான குறுகல்' என்று மட்டுமே இருந்தது. முந்தைய ஸ்கேனின் வட்டை நாங்கள் கொடுத்திருந்தும் அதனுடன் ஒப்பிட்ட குறிப்பும் இல்லை. கேட்ட பிறகு அன்றிரவே பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பினார்கள், முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது குறைதான் எரிச்சலூட்டியது. கொடுத்த வட்டில் சுவர்ப் படத் தொகுப்பே இல்லை. தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டும் இருந்தன. நான்கு தாள் ஃபிலிமில் அச்சிட்ட படங்கள் வாசலில் நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான் உதவும். மெல்லிய சுவரை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்க்க முழு டிஜிட்டல் தொகுப்பு வேண்டும். அதற்காக நான் இன்னொரு நாள் விடுப்புப் போட்டு, நாற்பது கிலோமீட்டர் வந்து, பென் டிரைவில் வாங்கிச் சென்றேன். இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த படத்தைக் கையில் கொடுக்கும் கடைசி அடியில் சறுக்குவது வீண்.

மையத்தின் முகப்பில் ஒரு பலகை இருக்கிறது: நாற்பது வயதானவர்கள் எல்லோருக்கும் 'மூளை ரத்தக்குழாய் ஹெல்த் செக்கப்', சலுகை விலையில். உள்ளே இருக்கும் மருத்துவரின் திறமைக்கு இந்தப் பலகை பொருந்தவில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு மூளைத் தமனியில் வெடிக்காத சிறு வீக்கம் இருக்கும்; பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் அப்படி நேராத ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு வந்தால், தூக்கம் கெடுவதற்கும், வேண்டாத அறுவைச் சிகிச்சையை எண்ணிக் குழம்புவதற்கும்தான் வாய்ப்பு அதிகம். நான் கேட்டபோது மருத்துவரும் அந்தப் பலகையைப் பற்றிச் சிரித்தாரே தவிர, ஆதரித்துப் பேசவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பாராட்டுவது நெருக்கடி கடந்த நோயாளிக்கு முன்பதிவு செய்து எடுக்கும் பரிசோதனையை. கை துவண்டு, வாய் கோணி, பேச்சுக் குழறும் நேரத்தில் எந்த ஸ்கேன் மையத்தின் படியையும் ஏறக் கூடாது. உறைவைக் கரைக்கும் ஊசி போடும் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். அந்த ஊசிக்குப் பொதுவாக உள்ள கெடு நான்கரை மணி நேரம். தூக்கத்தில் பக்கவாதம் வந்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாதவர்களுக்கும், டிஃப்யூஷன் படத்தில் பாதிப்புத் தெரிந்து 'ஃப்ளேர்' என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னும் தெரியாதிருந்தால் ஊசி போட்டுப் பயன் பெறலாம் என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதையும் மருத்துவமனைக்குள் இருக்கும் எம்.ஆர்.ஐ.யில்தான் செய்ய முடியும்.

படிவு அடங்குகிறதா என்று பார்க்க ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு சுவர்ப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் இதே மையத்தில் ஆவணி முதல் வாரத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். பதிவு மேசையில் இருப்பவரிடம் போன ஸ்கேனின் எண்ணைக் கொடுத்து, வெசல் வால் என்ற சொல்லை அவர் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்ந்தேன். கிரியாட்டினின் இந்த முறை உசிலம்பட்டியில் முந்தின நாளே எடுக்கப்படும். மூக்குத்தியின் திருகாணியைக் கடைவீதி ஆசாரி தளர்த்திக் கொடுத்துவிட்டார். தான் மாத்திரை போட மறந்தாலும் அதைத் தினமும் ஒரு முறை திருகிப் பார்க்க மறப்பதில்லை என்று அம்மா சொல்கிறார். மாத்திரையை இப்போது அப்பா எண்ணிக் கொடுக்கிறார்.